ஒரே மகளுக்கு வீட்டை எழுதிவைக்க வழி உண்டா?

கேள்வி: என் கணவர் சிங்கப்பூரில் உழைத்துப் பரங்கிப்பேட்டையில் வீடு கட்டினார். ஒரே மகள். மாமனார், மாமியார் இல்லை. அவர் காலத்துக்குப் பின் கொழுந்தன்மாருக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். மார்க்கத்தை மீறாமல் மகளுக்கே தர முடியுமா? பொது சிவில் சட்டம் வந்தால்தான் வழியா?

பதில்: சகோதரி, அவர்கள் சொல்வது சரிதான். சன்னி வாரிசு முறைப்படி வீட்டை எட்டுப் பங்காக்கினால் மகளுக்கு நாலு, உங்களுக்கு ஒன்று, மீதி மூன்று கணவரின் உடன்பிறந்தவர்களுக்கு. உயில் எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வாரிசான மகளுக்கு எழுதிய உயில், மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும்.

மார்க்கத்துக்குள்ளேயே உள்ள வழி ஹிபா என்னும் கொடை. கணவர் உயிரோடிருக்கும்போதே ‘கொடுத்தேன்’ என்று சொல்ல வேண்டும், மகள் ஏற்க வேண்டும், வீடு அவள் கைக்கு மாற வேண்டும். வாய்மொழியே செல்லும் என்றாலும் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். வீட்டு வரியையும் மின் இணைப்பையும் மகள் பெயருக்கு மாற்றுங்கள். பிற்பாடு வழக்கு வந்தால் அந்த ரசீதுகள்தான் பேசும். ஆனால் மகளுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. இருவரும் நன்றாக யோசியுங்கள்.

இன்னொரு வழி, நிக்காஹ் ஆன திருமணத்தையே 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவது. பிறகு வாரிசுரிமைக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: உங்களுக்கு மூன்றில் ஒன்று, மீதி மகளுக்கு. கேரளத்தில் வழக்கறிஞர் ஷுக்கூர் தம்பதி தங்கள் மூன்று மகள்களுக்காக 2023-இல் இப்படித்தான் பதிந்தார்கள். அறிவிப்பு 30 நாள் அலுவலகப் பலகையில் தொங்கும். ஊர் பேசும், தாங்க வேண்டும்.

பொது சிவில் சட்டமா, அதாவது எல்லா மதத்தினருக்கும் ஒரே குடும்பச் சட்டமா? அரசு அதற்கு முயல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 44-ஆம் பிரிவு. 25-ஆம் பிரிவு மத உரிமையைத் தருகிறது, 14-ஆம் பிரிவு சமத்துவத்தை. மகள் என்பதால் பங்கு குறைவது நியாயமில்லை என்பதே என் எண்ணம். இந்து மகள்களுக்கே பூர்வீகச் சொத்தில் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது. ஆனால் அந்த நியாயம் அந்தந்தச் சமூகப் பெண்களின் குரலோடு வர வேண்டும். முத்தலாக்கை 2017-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது, ஷாயரா பானு என்ற பெண் வழக்குப் போட்டதால். பக்கத்துப் புதுச்சேரியில் 1881-இல் பிரெஞ்சு அரசு, விரும்பியவர்கள் தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வரலாம் என்று ஆணையிட்டது. அப்படி வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு இன்றும் அதுவே சட்டம். விரும்பி வர ஒரு கதவு இருக்க வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டம் என்ற கதவு உங்களுக்கும் திறந்திருக்கிறது.

எதைச் செய்தாலும் கணவர் நலமாக இருக்கும்போதே செய்யுங்கள். மரணப் படுக்கையில் தரும் ஹிபாவுக்கு உயிலின் கட்டுப்பாடுகள் வந்துவிடும். வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம்.