இனிக்காத மஸ்கடே: ஒயின் கெட்டுவிட்டதா?

கேள்வி: இனிப்பான மஸ்கட் ஒயின் என்று நினைத்து ஒரு பாட்டில் ‘மஸ்கடே’ வாங்கினேன். துளியும் இனிப்பில்லை. எலுமிச்சைபோலப் புளிக்கிறது, முதல் வாயிலேயே நாக்கில் சுருக்கென்று ஏதோ குத்துகிறது. அடியில் கண்ணாடித் தூள்போல மின்னுகிறது. ஒயின் கெட்டுவிட்டதா? மீதியைக் குடிக்கலாமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கெடவில்லை. பெயர்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. மஸ்கட் என்பது பூமணமும் இனிப்பும் கொண்ட திராட்சை இனம். மஸ்கடே ஓர் ஒயினின் பெயர். பிரான்சின் மேற்குக் கரையில், லுவார் நதி அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, நான்த் நகரைச் சுற்றி விளைகிறது. அதில் மஸ்கட் பழம் ஒன்றுகூட இல்லை. மஸ்கடே என்றோர் ஊரும் கிடையாது.

அதன் திராட்சை ‘மெலோன் த பூர்கோன்’. பூர்விகம் பிரான்சின் பர்கண்டி பகுதி, மரபணு ஆய்வின்படி ஷார்டனே என்ற பிரபல வெள்ளை ஒயின் திராட்சைக்கு உடன்பிறப்பு. 1709இன் கொடுங்குளிரில் நான்த் பகுதித் தோட்டங்கள் பட்டுப்போயின. மறுபடி நட்டபோது குளிரைத் தாங்கும் மெலோன் முன்னுக்கு வந்தது. பிராந்தி காய்ச்சுவதற்குத் தனி மணம் இல்லாத வெள்ளை ஒயினைத் தேடிய டச்சு வணிகர்களுக்கும் அது தோதாக இருந்தது. உண்மையைச் சொன்னால், மெலோன் கொஞ்சம் சப்பென்ற பழம்தான். அதை வைத்து நல்ல ஒயின் செய்ய வேண்டுமென்றால் வேறு எங்கிருந்தாவது சுவையைக் கொண்டுவர வேண்டும்.

அது வருவது வண்டலிலிருந்து. உங்கள் பாட்டிலின் லேபிளில் ‘சூர் லீ’ என்று இருக்கிறதா, பாருங்கள். ‘வண்டலின் மேல்’ என்று பொருள். நொதித்து முடிந்ததும் இறந்த ஈஸ்ட் தொட்டியின் அடியில் படியும். பொதுவாக வெள்ளை ஒயினை அந்த வண்டலிலிருந்து பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றுவார்கள். இங்கே குளிர்காலம் முழுக்க அதன் மேலேயே விட்டுவைத்து, பிறகு அங்கிருந்தே பாட்டிலில் அடைப்பார்கள். ஈஸ்ட் சிதையச் சிதைய ஒயினுக்கு ஒரு திண்மையும், புது ரொட்டியை நினைவூட்டும் மணமும் சேர்கின்றன. ஒயினை அதிகம் கிளறாததால் நொதித்தலில் உண்டான கரியமில வாயு சிறிதளவு உள்ளேயே தங்கிவிடுகிறது. உங்கள் நாக்கில் குத்தியது பெரும்பாலும் அதுதான். பழகியவர்கள் அந்தக் குத்தலுக்காகவே இதைத் தேடிக் குடிக்கிறார்கள்.

மின்னும் தூள் பெரும்பாலும் டார்டாரிக் அமிலத்தின் உப்பு. நம் புளிக்குப் புளிப்பைக் கொடுக்கும் அதே அமிலம். ஒயின் நன்றாகக் குளிரும்போது அது படிகமாகிப் படிந்துவிடும். உடலுக்குக் கெடுதல் இல்லை. சந்தேகம் இருந்தால் சில துகள்களைச் சூடான தண்ணீரில் போடுங்கள். உப்பு கரையும், கண்ணாடி கரையாது. கரையாவிட்டால் பாட்டிலைத் தொடாதீர்கள்.

உண்மையிலேயே கெட்ட ஒயினை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும்: வினிகர் நெடி, நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை, அல்லது வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிளின் வாசனையுடன் பழுப்பேறிய நிறம்.

மீதியை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஆனால் குத்தல் அடங்கிவிடும். 8 முதல் 10 டிகிரி செல்சியஸில் குடியுங்கள். அதைவிடச் சில்லிட்டால் புளிப்பு மட்டுமே மிஞ்சும்; உங்கள் முதல் வாய் அப்படித்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். தனியாகக் குடிப்பதைவிட மீன், நண்டு, சிப்பியோடு குடித்துப் பாருங்கள். நான்த் பக்கத்தில் இதற்கும் சமைக்காத சிப்பிக்கும் பிரிக்க முடியாத உறவு.

அடுத்த முறையும் மஸ்கடேயே வாங்குவதானால் ‘செவ்ர் எ மேன்’ என்ற பெயரைத் தேடுங்கள். இரண்டு ஆறுகளின் பெயரால் 1936இல் அங்கீகாரம் பெற்ற பகுதி அது. அதற்குள்ளேயே கிளிஸோன், கோர்ஜ் போன்ற ஊர்ப் பெயர் தாங்கிய பாட்டில்கள் வண்டலில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ கிடந்தவை. விலை கூடுதல், பல ஆண்டுகள் சேமித்தும் வைக்கலாம். மற்றவற்றை வாங்கிய ஓரிரு ஆண்டுகளில் குடித்துவிடுவது நல்லது.

இனிப்புதான் வேண்டுமென்றால் இத்தாலியின் ‘மொஸ்காட்டோ தாஸ்தி’யைக் கேளுங்கள். அது மஸ்கட் பழத்தில் செய்தது.