"பெல்ட் கொடுத்தேன்" என்றால் போதுமா?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறோம். என் தம்பி (வயது 32) அலுமினியம் கண்ணாடிக் கடையில் ஃபிட்டர். மாதம் 18,000 சம்பளம். 2025 மார்ச்சில் சத்துவாச்சாரியில் பில்டர் ஒருவர் கட்டும் அபார்ட்மெண்டில், இரண்டாவது மாடி ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்தும்போது விழுந்து வலது கை முறிந்தது. இப்போது கனம் தூக்க முடியவில்லை. முதலாளி 30,000 கொடுத்து, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதி வாங்கிவிட்டார். "பாதுகாப்பு பெல்ட் கொடுத்தேன், அவன்தான் போடவில்லை" என்கிறார். கேஸ் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருந்தாலும், விபத்து நடந்த நாளில் இருந்த 1923-ம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படிதான் உங்கள் தம்பியின் உரிமை.

கையெழுத்துப் போட்ட காகிதத்துக்குப் பயப்படாதீர்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்குவது 17-வது பிரிவின்படி செல்லாது. தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்யாத ஒப்பந்தமும் முதலாளியைக் காப்பாற்றாது.

அடுத்து பெல்ட். வேண்டுமென்றே உத்தரவை மீறினார், அல்லது பாதுகாப்புக் கருவியைத் தெரிந்தே ஒதுக்கினார் என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். வெறும் கவனக்குறைவு போதாது. நான் முதலில் கேட்பது, அந்த பெல்ட்டின் கொக்கியை எங்கே மாட்டச் சொன்னார்கள்? ஃபிரேம் மட்டும் நிற்கிற திறந்த ஜன்னலில், ஒருவர் வெளியே சாய்ந்து கண்ணாடியைப் பிடிக்கிற வேலை இது. வெளியே சாரம் வேண்டும், இல்லையென்றால் உறுதியான இடத்தில் கட்டிய கயிறு வேண்டும். பெரிய கண்ணாடியைத் தூக்க சக்‌ஷன் கப்பும் போதிய ஆளும் வேண்டும். இவை எதுவும் இல்லாமல் பெல்ட்டை வண்டியில் போட்டு அனுப்புவது பாதுகாப்பே அல்ல. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

பணக் கணக்கு: சம்பளம் 18,000 ஆனாலும் சட்டம் ஏற்பது 15,000 வரைதான். அதில் 60 சதவீதம், அதாவது 9,000. அதை, சட்டத்தின் அட்டவணையில் 32 வயதுக்குக் கொடுத்திருக்கும் 203.85 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாக டாக்டர் மதிப்பிட்டால், சுமார் 5,50,000 வரும். தாமதத்துக்கு 12 சதவீத வட்டி, சிகிச்சைச் செலவு தனி. அந்த 30,000 எந்த மூலைக்கு?

பில்டரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். தன் தொழிலுக்காக வேலையை வேறொருவரிடம் கொடுத்தவருக்கும் 12-வது பிரிவில் பொறுப்பு உண்டு. (கடை ஈ.எஸ்.ஐ.-க்குள் வந்தால் மட்டும் வழி வேறு, அப்போது ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.)

ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, சம்பளம் வந்த ஜிபே விவரம், அந்த இடத்தின் போட்டோ, கூட வேலை செய்தவரின் சாட்சி, டாக்டரின் ஊனச் சான்று எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். விபத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள், அதாவது 2027 மார்ச்சில் அந்தத் தேதி வருவதற்குள், வேலூரில் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரியிடம் மனு கொடுத்துவிட வேண்டும்.