கேள்வி - பதில்: மேயரும் மக்களும்

கேள்வி: தண்டனையை நம்பாமல் ஒரு நகரைத் திருத்த முயன்ற மேயர் எவரேனும் உண்டா?

பதில்: கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் 1995-இல் மேயரான அந்தானாஸ் மோக்கஸைத் தயக்கமின்றிச் சொல்வேன். கணிதமும் தத்துவமும் கற்ற அந்தப் பேராசிரியர், அபராதத்துக்கு அசையாத ஓட்டுநரும் நாலு பேர் முன்னிலையில் தலைகுனிய விரும்பமாட்டார் என்று கணித்து, சாலைச் சந்திப்புகளில் மைம் கலைஞர்களை நிறுத்தினார். பாதசாரிகள் கடக்கும் கோட்டின்மீது வண்டியை நிறுத்தியவரை, முகத்தில் வெள்ளைப் பூச்சுடன் வந்த கலைஞர் ஒரு சொல்லும் பேசாமல் சைகையாலேயே பின்னுக்கு நகர்த்துவார். தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, சோப்புப் போடும் நேரத்தில் குழாயை மூடிக் காட்டியபடி மேயரே தொலைக்காட்சியில் குளித்தார். தான் செய்யாததை அவர் பிறரிடம் கேட்கவில்லை என்பதே என்னை மிகவும் கவர்ந்தது.

கேள்வி: மக்கள் ஒத்துழைத்தார்களா?

பதில்: ஒத்துழைத்தார்கள். இரண்டாம் பதவிக்காலத்தில், விருப்பமுள்ளோர் 10 சதவீதம் கூடுதலாக வரி செலுத்தலாம் என்று அவர் கேட்டபோது, ஏறத்தாழ 63,000 பேர் தாமாகவே செலுத்தினர். வரிப்பணம் வீணாகாது என்ற நம்பிக்கை இல்லாத ஊரில் இது நடந்திருக்காது.

கேள்வி: அவருடைய சொந்த வாழ்க்கை?

பதில்: அதையும் அவர் மறைத்து வைக்கவில்லை. மேயராக இருந்தபோதே, 1996-இல், சர்க்கஸ் கூடாரத்தில் திருமணம் செய்துகொண்டார். 2010-இல் அதிபர் தேர்தலில் போட்டியிட்டபோது, தமக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை வாக்குப்பதிவுக்கு முன்பே வெளிப்படையாக அறிவித்தார். வாக்காளர் அறிய வேண்டிய செய்தி அது என்பதால், அந்த அறிவிப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.