எண்ணை மாற்றவில்லை, முதலிடம் மட்டும் ஏன் மாறியது?

கேள்வி: எனக்கு நான்கு வேலைகள் கைக்கு வந்தன. சம்பளம், பயண நேரம், கற்றுக்கொள்ளும் வாய்ப்பு என மூன்று அளவுகோல் வைத்தேன். முறையே 50, 20, 30 என்று வெயிட்டேஜ் கொடுத்து எக்செல்லில் போட்டேன். ஒவ்வொரு அளவுகோலிலும் மிக நல்லதற்கு 10, மிக மோசமானதற்கு 0, மற்றவை இடையில். ‘இ’ முதலில் வந்தது. பிறகு, கடைசி இடத்தில் இருந்த ‘ஈ’ வேலையை அந்த நிறுவனமே ரத்து செய்துவிட்டது. அந்த வரியை அழித்ததும் ‘அ’ முதலிடத்துக்கு வந்துவிட்டது. நான் வேறு எதையும் தொடவில்லை. நீண்ட பயணம் எனக்கு ஒத்துவராது என்பதும் தெரியும். எதை நம்புவது?

பதில்: இரண்டு விடைகளையுமே இப்போதைக்கு நம்ப வேண்டாம். கூட்டலில் தவறு இல்லை. வெயிட்டேஜ் கொடுத்த விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது.

உங்கள் இப்போதைய சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். பயணம் என்பது ஒரு வழி நேரம். நீங்கள் அனுப்பிய விவரம் இப்படி வருகிறது:

அ: சம்பளம் 105, பயணம் 90 நிமிடம், கற்றலுக்கு நீங்கள் போட்ட மதிப்பெண் 4.
ஆ: 102, 20 நிமிடம், 0.
இ: 100, 55 நிமிடம், 10.
ஈ: 80, 60 நிமிடம், 5.

‘ஈ’ இருந்தவரை சம்பளத்தின் வீச்சு 80 முதல் 105 வரை. அதாவது 25 புள்ளி. அதில் ‘இ’க்கு 8 மதிப்பெண் கிடைத்தது. மதிப்பெண்களை வெயிட்டேஜ் சதவீதத்தால் பெருக்கிக் கூட்டினால் ‘இ’ 8.0, ‘ஆ’ 6.4, ‘அ’ 6.2. ‘ஈ’ போனதும் வீச்சு 100 முதல் 105 வரை சுருங்கிவிட்டது. நேற்று 8 வாங்கிய அதே சம்பளம் இன்று 0. இப்போது ‘அ’ 6.2, மற்ற இரண்டும் தலா 4.0. சூத்திரம் மதிப்பெண்ணைத் தானாக மாற்றிவிட்டது. ஆனால் 50 என்ற வெயிட்டேஜ் மட்டும் அப்படியே நின்றது.

அந்த 50 என்ன சொல்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முதல் அட்டவணையில் 25 புள்ளி சம்பளத்துக்கு 50, 70 நிமிடப் பயணத்துக்கு 20. வகுத்துப் பார்த்தால், ஒரு புள்ளி சம்பளத்துக்காக ஒரு வழியில் 7 நிமிடம் கூடுதலாகப் போகத் தயார் என்று அர்த்தம். இரண்டாவது அட்டவணையில் வெறும் 5 புள்ளிக்கே 50. இப்போது ஒரு புள்ளிக்கு 35 நிமிடம்! சம்பளத்தில் நூற்றில் ஒரு பங்குக்காக, போக வர தினமும் 70 நிமிடம் கொடுக்கச் சம்மதம் என்று உங்கள் பெயரில் அட்டவணை கையெழுத்துப் போட்டுவிட்டது. உங்களிடம் நேரில் கேட்டால் இதற்கு ஒத்துக்கொள்வீர்களா? மாட்டீர்கள் என்றுதான் உங்கள் கடிதம் சொல்கிறது.

‘சம்பளம் எவ்வளவு முக்கியம்?’ என்ற கேள்விக்குத் தனியாகப் பதிலே கிடையாது. எந்தச் சம்பளத்துக்கும் எந்தச் சம்பளத்துக்கும் நடுவில் என்று சொன்னால்தான் பதில் உண்டு. பாதிச் சம்பளமா முழுச் சம்பளமா என்றால் அது எல்லாவற்றையும்விட முக்கியம். 100-ஆ 105-ஆ என்றால் அப்படி இல்லை. நன்றாக யோசித்து முடிவெடுப்பவர்கள்கூட இந்த இடத்தில் சறுக்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வரிசை புரள்வது உங்கள் ஷீட்டுக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. தேர்வுகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு மதிப்பெண் போடும், தாமஸ் சாட்டி என்ற கணிதவியலாளர் உருவாக்கிய ஏஎச்பி (AHP) என்ற பிரபலமான முறையில்கூட, ஏற்கெனவே இருக்கும் ஒரு தேர்வின் நகலைச் சேர்த்தாலே மற்றவற்றின் வரிசை புரளக்கூடும் என்று பெல்ட்டன், கியர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983-இல் காட்டினார்கள்.

சரி, எப்படித் திருத்துவது?

வெயிட்டேஜுக்கு முன்னால் ஒரு சல்லடை உண்டு. ‘ஈ’யையும் ‘இ’யையும் பக்கத்தில் வையுங்கள். சம்பளம், பயணம், கற்றல் மூன்றிலுமே ‘இ’தான் மேல். அப்படியானால் ‘ஈ’ முதல் நாளே வெளியே போயிருக்க வேண்டும். அதேபோல 90 நிமிடப் பயணம் உங்களால் முடியவே முடியாது என்றால் ‘அ’வையும் இப்போதே எடுத்துவிடுங்கள். கூட்டல் முறையில் ஒரு பக்கத்து நன்மை இன்னொரு பக்கத்துத் தீமையை மறைத்துவிடும். தாங்க முடியாத ஒன்றை அதற்குள் போடக் கூடாது. கஷ்டம்தான், ஆனால் தாங்கலாம் என்றால் மட்டும் உள்ளே இருக்கட்டும்.

அப்புறம் வெயிட்டேஜ். ஒரு கற்பனை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 100, பயணம் 90 நிமிடம், கற்றல் 0. மூன்றிலும் மிக மோசம். இதில் ஒன்றே ஒன்றை மட்டும் மிக நல்ல நிலைக்கு மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்? சம்பளத்தை 105 ஆக்குவீர்களா, பயணத்தை 20 நிமிடம் ஆக்குவீர்களா, கற்றலை 10 ஆக்குவீர்களா? முதலில் தொடுவதற்கு 100 கொடுங்கள். மற்ற இரண்டு மாற்றங்களும் அதோடு ஒப்பிட்டால் எவ்வளவு தேறும் என்று பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்து ஒரு பேச்சுக்குப் பயணம் 100, கற்றல் 60, சம்பளம் 40 என்கிறேன். சதவீதமாக்கினால் 50, 30, 20. இப்போது கூட்டினால் ‘ஆ’ 5.8, ‘இ’ 5.5, ‘அ’ 3.2. வீச்சை மனதில் வைத்துக் கொடுத்த வெயிட்டேஜ் இது. ஏதாவது ஒரு வேலை சேர்ந்து அல்லது விலகி வீச்சு மாறினால், இந்தக் கேள்வியையும் மறுபடி கேட்டாக வேண்டும்.

இதில் ‘அ’ தெளிவாக விலகிவிடுகிறது. ஆனால் 5.8-ஐயும் 5.5-ஐயும் வைத்து ‘ஆ’ ஜெயித்தது என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். பயணத்தை 45, கற்றலை 35 என்று சற்றே நகர்த்தினால் ‘ஆ’ 5.3, ‘இ’ 5.75 ஆகிவிடுகிறது. அந்த ஐந்து சதவீதத்தைத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. இங்கே அட்டவணையை மூடிவிட்டு, அந்த இரண்டை மட்டும் நேருக்கு நேர் நிறுத்துங்கள்.

இதற்கு நல்ல வழி பழைய வழிதான். 1772 செப்டம்பரில், ஒரு பிரபுவிடம் வேலைக்குச் சேரலாமா என்று ஆங்கிலேய விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி தடுமாறியபோது, அவருடைய நண்பரான அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம் எழுது; மூன்று நான்கு நாள் எடுத்துக்கொள்; சம எடை உள்ளவற்றை இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டே வா என்பதுதான் அதன் சாரம். அந்த வேலையில் சேர் என்றோ சேராதே என்றோ அவர் சொல்லவில்லை.

அதை உங்கள் கணக்கில் போடுவோம். ‘இ’ வேலையின் பயணம் 55-இலிருந்து 20 நிமிடமாகக் குறையும் என்றால், அதற்காகச் சம்பளத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள்? 3 புள்ளி என்று வைப்போம். அப்போது ‘இ’ என்பது 97 சம்பளம், 20 நிமிடம், நிறையக் கற்றல். ‘ஆ’ என்பது 102 சம்பளம், 20 நிமிடம், கற்றல் இல்லை. பயணம் இரண்டு பக்கமும் சமம், அடித்துவிடுங்கள். மூன்று அளவுகோல் மோதிய இடத்தில் இப்போது ஒரே கேள்விதான் மிச்சம்: அந்தக் கற்றல் உங்களுக்கு 5 புள்ளிச் சம்பளம் பெறுமா? இதற்குப் பதில் சொல்ல எக்செல் வேண்டியதில்லை.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். சம்பளம் கடிதத்தில் எழுதியிருக்கிறது, பயணத்தை ஒரு நாள் போய் அளந்துவிடலாம். கற்றலுக்கு ‘இ’ வாங்கிய 10 மட்டும் நேர்காணலில் அவர்கள் சொன்னதைக் கேட்டு நீங்கள் போட்டது. அது உண்மையில் 6 என்றால், 50, 30, 20 கணக்கில் ‘இ’ 4.3-க்கு இறங்கிவிடும், ‘ஆ’வோடு போட்டியே இல்லை. அந்தக் குழுவில் ஓரிரு வருடம் வேலை பார்த்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ‘கற்க வாய்ப்பு உண்டா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் உண்டு என்பார்கள். ‘கடைசி ஆறு மாதத்தில் இதற்கு முன் செய்திராத எதைச் செய்தீர்கள், யார் சொல்லிக்கொடுத்தார்கள்?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை வைத்து அந்த 10-ஐத் திருத்திவிட்டு, பிறகு மேலே உள்ள கேள்விக்கு வாருங்கள்.