கணினி கேள்வி பதில்: டெஸ்ட் மெஷினுக்கு நேம் சர்வர் யாரு?

கேள்வி: வணக்கம்ண்ணே. மதுரை இலந்தைக்குளம் ஐடி பார்க்ல சின்ன டீம் நாங்க, பில்லிங் சாஃப்ட்வேர் பண்றோம். தெனம் ராத்திரி டெஸ்ட் தானா ஓடுற மாதிரி வச்சிருக்கோம். முன்னாடி க்யூஎமுல (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டுற சாஃப்ட்வேர்) ஒரே ஒரு விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின், நெட் எதுவும் செட் பண்ணாமலே ஓடுச்சு. இப்ப சர்வர் ஒன்னு க்ளையண்ட் ஒன்னுன்னு ரெண்டு விஎம் ஆக்கி, டேப் (விஎம்முக்கு நெட் வயர் மாதிரி) போட்டு ப்ரிட்ஜ்ல (சாஃப்ட்வேர்லயே இருக்குற ஸ்விட்ச் மாதிரி) சேத்ததும் ஐபியே வரல. கையால குடுத்தா ஹோஸ்ட்டுக்கு, அதாவது விஎம் ஓடுற நிஜ மெஷினுக்கு, பிங் ஒரு நேரம் போகுது ஒரு நேரம் நிக்குது. பேருக்கு ஐபி சொல்ற நேம் சர்வர் யாருன்னு எழுதுற ரிசால்வ்.கான்ஃப் ஃபைல்ல கூகுளோட 8.8.8.8 போட்டாலும் எங்க சர்வர் பேரு கிடைக்கல, ரீபூட் ஆனா அந்த வரியே காணாம போயிருது. என்ன பண்றதுண்ணே?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, முன்னாடி நீங்க எதுவும் செட் பண்ணலன்னு சொல்றீங்கல்ல, அப்ப அந்த வேலைய எல்லாம் க்யூஎமுவே உள்ளுக்குள்ள பாத்துக்கிட்டு இருந்துச்சு. யூசர் மோட் நெட்வொர்க்ல விஎம்முக்கு 10.0.2.15, கேட்வே 10.0.2.2, நேம் சர்வர் 10.0.2.3னு அதுவே குடுத்துரும். டேப்புக்கு மாத்துன உடனே அது வெறும் பாக்கெட்ட கடத்தி விடுறதோட சரி, ஐபி குடுக்குற டிஹெச்சிபியும் கிடையாது, பேருக்கு ஐபி சொல்ற டிஎன்எஸ்ஸும் கிடையாது, ப்ரிட்ஜ்ல நீங்களா ஒருத்தர உக்கார வச்சாத்தான் உண்டு. பழைய இமேஜ்ல 10.0.2.3 ஒட்டிக்கிட்டு இருக்கான்னும் பாருங்க, இருந்தா ஒவ்வொரு பேருக்கும் 5 வினாடி வீதம் ரெண்டு தடவ காத்திருந்துட்டுத்தான் கை விரிக்கும், டெஸ்ட் ஆமை வேகத்துல போறதுக்கு பாதி நேரம் இதுதான் காரணம்.

பிங் விட்டு விட்டு போறதுக்கு எனக்கு மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்) மேலதான் சந்தேகம். நீங்களா குடுக்காட்டி க்யூஎமு எல்லா விஎம்மோட முதல் கார்டுக்கும் 52:54:00:12:34:56னு ஒரே மேக்தான் போடும். தனித்தனியா ஓடுனப்ப ஒன்னும் தெரிஞ்சிருக்காது, ஒரே ப்ரிட்ஜ்ல விட்டா மேல மாசி வீதில ஒரே கதவு நம்பர்ல ரெண்டு கடை இருந்த கதைதான், தபால்காரர் எங்க போடுவாரு? ரெண்டு விஎம்முக்கும் வேற வேற மேக்க ஸ்கிரிப்ட்லயே எழுதி வைங்க, முதல்ல இத செய்ங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

அடுத்து 8.8.8.8. இத நான் திரும்ப திரும்ப சொல்றேன், தானா ஓடுற டெஸ்ட்டுக்கு வெளி நேம் சர்வர போடாதீங்க. உங்க சர்வர் விஎம் பேரு உங்க ஆபீஸுக்குள்ள மட்டும் இருக்குற பேரு, அது கூகுளுக்கு எப்படி தெரியும்? அதோட ராத்திரி மழைக்கு லைன் போச்சுன்னா உங்க கோடு சரியா இருந்தும் டெஸ்ட் சிவப்பாயிரும், காலைல வந்து எந்த பில் கணக்கு தப்புன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க, தப்பு அங்க இல்லவே இல்ல.

ஹோஸ்ட்லயே டிஎன்எஸ்மாஸ்க்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் போடுங்க, டிஹெச்சிபி டிஎன்எஸ் ரெண்டையும் அது ஒன்னே பாத்துக்கும். ஆபீஸ் லேன் 192.168.1னு ஆரம்பிச்சா ப்ரிட்ஜுக்கு அது வேணாம், 10.77.0.1 மாதிரி மோதாத ஒன்ன வைங்க. அதோட கான்ஃபிக் ஃபைல்ல டிஹெச்சிபி-ஹோஸ்ட் வரில மேக்குக்கு ஏத்த ஐபிய நிரந்தரமா கட்டுங்க, சர்வருக்கு 10.77.0.11, க்ளையண்ட்டுக்கு 10.77.0.12. ஹோஸ்ட்-ரெக்கார்ட் வரில பேரு, சர்வருக்கு வைகை.டெஸ்ட், க்ளையண்ட்டுக்கு அழகர்.டெஸ்ட்னு உங்களுக்கு பிடிச்ச மாதிரி. டெஸ்ட்ங்கிற முடிவு சோதனைக்குன்னே 1999லயே ஒதுக்குனது, வெளில யாருக்கும் அந்த பேர குடுக்க மாட்டாங்க. டாட் தேவ் வைக்காதீங்க, அது நிஜமான டொமைன், ப்ரவுசர் ஹெச்டிடிபிஎஸ் கேட்டு அடம் பிடிக்கும். டாட் லோக்கலும் வேணாம், அது எம்டிஎன்எஸ்ஸுக்கு (நேம் சர்வர் இல்லாம லேனுக்குள்ள மெஷின்களே பேரு கேட்டுக்குற முறை) உள்ளது. நோ-ரிசால்வ்னு ஒரு வரி சேத்து, தனக்கு தெரியாத பேர மேல போய் கேக்குற அப்ஸ்ட்ரீம் சர்வர் எதுவும் குடுக்காம விட்டுட்டா வெளிப்பேரு எத கேட்டாலும் உடனே மறுத்துரும், எந்த டெஸ்ட் நமக்கே தெரியாம வெளில போய் தொடுதுன்னு அன்னிக்கே வெளிச்சமாயிரும், இதுக்காகவே இத செய்யலாம்.

டிஎன்எஸ்மாஸ்க் கிளம்பாம போர்ட் 53 ஏற்கனவே பிஸின்னு சொல்லுச்சுன்னா அது சிஸ்டம்டி-ரிசால்வ்ட், லினக்ஸ்ல பேரு தேடிக் குடுக்குற சர்வீஸ், 127.0.0.53ல உக்காந்திருக்கும். அத கொல்ல வேணாம், இன்டர்ஃபேஸ் வரில உங்க ப்ரிட்ஜ் பேர குடுத்து பைண்ட்-இன்டர்ஃபேசஸ் போட்டா ரெண்டும் சண்டையில்லாம ஓடும். ஹோஸ்ட் ஃபயர்வால்ல ப்ரிட்ஜ் பக்கம் டிஎன்எஸ்ஸுக்கு 53, டிஹெச்சிபிக்கு 67 ரெண்டு போர்ட்டையும் தொறந்து விடுங்க. ரிசால்வ்.கான்ஃப் வரி காணாம போறது நெட்வொர்க்மேனேஜரோ ரிசால்வ்டோ அத திரும்ப எழுதுறதால, டிஹெச்சிபிலயே நேம் சர்வர் வந்துட்டா நீங்க அந்த ஃபைல தொடவே வேணாம். சிலர் அத பூட்டி வைப்பாங்க, அந்த வழிக்கு போகாதீங்க, அடுத்த ஆளு இமேஜ மாத்துறப்ப தலைய பிச்சுக்குவாரு.

கடைசியா, டெஸ்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி க்ளையண்ட்ல கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் வைகை.டெஸ்ட்னு கமாண்ட் ஓட்டி 10.77.0.11 வருதான்னு பாத்து, வரலன்னா அங்கயே நிறுத்தி நெட்வொர்க் தயாரில்லன்னு ரிப்போர்ட்ல போட சொல்லுங்க. டிக் கமாண்ட்ட இதுக்கு நம்பாதீங்க, அது நேரா நேம் சர்வர கேக்கும், பேரும் ஐபியும் கையால எழுதி வைக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைல பாக்காது, உங்க சாஃப்ட்வேர் போற வழி கெட்என்ட் போற வழிதான்.

கேள்வி: அண்ணா, இதுக்கு ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல ரெண்டு வரி போட்டா போதாதா? காலேஜ் ப்ராஜெக்ட்தான்.
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: ரெண்டு மெஷினுக்கு தாராளமா போதும்மா. ஆனா எம்எக்ஸ் ரெக்கார்ட் (மெயில் எந்த சர்வருக்கு போகணும்னு சொல்றது), வைல்ட்கார்ட் பேரு (முன்னாடி என்ன போட்டாலும் பொருந்துறது), டிஎன்எஸ் பதில் மாறுறது இதெல்லாம் சோதிக்கணும்னா ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல முடியாது, அப்ப டிஎன்எஸ்மாஸ்க்தான்.

கேள்வி: நேம் சர்வர் செத்துட்டா எங்க ஆப் என்ன பண்ணுதுன்னு டெஸ்ட் எழுதணும், எப்படிங்க?
- ஒரு வாசகர், வாடிப்பட்டி

பதில்: ரெண்டு விதமா எழுதுங்க, ரெண்டும் வேற வேற நோவு. பேரே இல்லைங்கிற பதிலுக்கு இன்வாலிட்னு முடியுற பேரு எதையாவது கேளுங்க, அது யாருக்கும் கிடைக்காதுன்னே ஒதுக்குனது. பதிலே வராத நிலைக்கு 192.0.2.1ஐ நேம் சர்வரா போடுங்க, அந்த வரிசை உதாரணம் எழுதுறதுக்குன்னு வச்சது, அங்க பதில் சொல்ல ஆள் இருக்காது. இதுலதான் ஆப் உறைஞ்சு நிக்கும், அதனால ரிசால்வ்.கான்ஃப் ஆப்ஷன்ஸ் வரில டைம்அவுட் 1, அட்டெம்ப்ட்ஸ் 1னு ஒரு தடவையும், எதுவும் மாத்தாம ஒரு தடவையும் ஓட்டி பாருங்க.