மருது காலத்துப் பித்தானா? பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

காரைக்குடியை அடுத்த கோட்டையூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய வீடுகளைப் பிரித்த தேக்கு உத்தரங்களை வாங்கி விற்பவர். அறுவைக்குப் போகும் முன் மரத்துக்குள் ஆணி கிடக்கிறதா என்று பார்க்க ஒரு மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கிறார். பிரித்து முடித்த வீட்டின் கொல்லையில் சும்மா அதை ஓட்டிப் பார்த்தபோது, ஒரு சாண் ஆழத்தில் பித்தளைப் பித்தான் ஒன்று கிடைத்ததாம். முகத்தில் கிரீடம், அதன் கீழே களிம்பு மூடிய எழுத்து. ‘மருது பாண்டியர் சண்டையில் வெள்ளைக்காரச் சிப்பாய் தொலைத்தது’ என்கிறார் கூட்டாளி. பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் இருநூறு ரூபாய் தருகிறேன் என்கிறார். இது எந்தக் காலத்தது, புளி போட்டுத் துலக்கலாமா என்று கேட்டு, முன்னும் பின்னுமாக இரண்டு படம் அனுப்பியிருக்கிறார்.

துலக்குகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது அவசரம். புளி வேண்டாம். எனக்குக் கிடைத்த முதல் பித்தானை, அப்பத்தா குத்துவிளக்கு துலக்குகிற மாதிரியே புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. ஆனால் எழுத்து இருந்த இடத்தில் லேசான மேடுதான் மிஞ்சியது. ஓரத்தில் ஒட்டியிருந்த தங்க முலாமையும் காணோம். தங்கத்தைப் புளி ஒன்றும் செய்யாது. ஆனால் அதற்கு அடியில் ஊறியிருக்கும் களிம்பைக் கரைத்துவிடும். அப்புறம் மேலே இருக்கும் மெல்லிய முலாம் பிடிமானமில்லாமல் உரிந்துபோகும். மிச்சத்தைச் செங்கல்பொடி பார்த்துக்கொள்ளும். கடையில் விற்கும் பித்தளை பாலிஷும் இதே வேலையைத்தான் செய்யும்.

பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் குழந்தைகள் பல் துலக்கும் மெல்லிய பிரஷால் மண்ணை மட்டும் தள்ளுங்கள். எழுத்தின் இடுக்கில் இருப்பதை ஈர்க்குச்சி நுனியால் நெருடி எடுக்கலாம்; ஊசியோ பிளேடோ ஆகாது. நிழலில் காய்ந்த பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேலேயிருந்து அடிக்காமல் மேசையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தெல்லாம் நிழல் விழுந்து எழும்பி நிற்கும். அப்போதும் பிடிபடாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், பள்ளிக்கூடத்தில் காலணாவைப் பிரதி எடுத்தோமே, அதே மாதிரி.

சரி, வயதுக்கு வருவோம். எல்லோரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பித்தானின் ஜாதகம் முதுகில் இருக்கிறது. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்தகடு தனி, பின்தகடு தனி. முன்தகட்டின் விளிம்பைச் சுற்றிலும் உள்ளே மடித்துப் பின்தகட்டைக் கவ்வ வைத்திருக்கிறார்கள். உள்ளே கூடு, அதனால்தான் கையில் கனமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரட்டைத் தகட்டு வேலை 1813 வாக்கில் பர்மிங்காமில் சாண்டர்ஸ் என்பவர் கொண்டுவந்தது. சீருடைப் பித்தான்களுக்கு அது பரவலானது அதற்கும் பிறகுதான்.

மருது சகோதரர்கள் மேல் படையெடுப்பு நடந்தது 1801-ல். கர்னல் அக்னியூவின் படை சிறுவயலில் கிடந்து காளையார்கோயிலுக்குக் காடு வெட்டிப் பாதை போடப் பார்த்தது உண்மை. சிறுவயல் உங்களுக்குத் தூரமும் இல்லை, ஆகவே கூட்டாளியின் ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்தக் காலத்துச் சாதாரண பிரிட்டிஷ் சிப்பாயின் பித்தான் வெள்ளீயக் கலப்பில் வார்த்த ஒற்றைத் தகடு. தட்டையாக, சாம்பல் நிறத்தில், பெரும்பாலும் ரெஜிமென்ட் எண்ணோடு இருக்கும். அவர்களுக்குப் பித்தளை வந்ததே 1855-ல். அப்படியொரு மங்கலான வில்லை என்றைக்காவது கிடைத்தால் உடனே எழுதுங்கள், நானே வண்டியேறி வருகிறேன்.

பின்தகட்டில் வட்டமாக ஓடும் எழுத்தில் ‘லண்டன்’ தெளிவாக இருக்கிறது. அதற்கு முன்னால் ‘எல்.டி.டி.’ என்று மூன்றெழுத்து, அதாவது லிமிடெட். இங்கிலாந்தில் கம்பெனிகள் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளச் சட்டம் வழிவிட்டதே 1855-ல்தான். ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று இருந்திருந்தால் அநேகமாக 1887 வணிகக்குறிச் சட்டத்துக்குப் பிற்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கிரீடம் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. கிரீடத்தின் மேல்வளைவு நடுவில் பள்ளமாகக் குழிந்து, அந்தக் குழியிலிருந்து உருண்டையும் சிலுவையும் எழுந்தால் விக்டோரியா ராணி காலம், அல்லது 1953-க்குப் பிந்திய இரண்டாம் எலிசபெத் காலம். குழியே இல்லாமல் விரித்த குடை மாதிரி உச்சிவரை உருண்டு போனால் அது ராஜா கிரீடம், பழைய பித்தானென்றால் 1901-க்கும் 1952-க்கும் நடுவில். உங்களுடையது குடை. இங்கே 1950 ஜனவரி 26 முதல் சிங்கமுகச் சின்னம் வந்துவிட்டது. ஆக இந்தியாவில் போட்டதென்றால் 1901-லிருந்து 1950 வரை. இந்தியாவில் போட்டதென்றால், என்று நான் இழுப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊர் வீடுகளில் பாதிச் சாமான் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கப்பலேறி வந்தது. பித்தானும் பெட்டியோடு வந்திருக்கலாம்.

அதற்குத்தான் கிரீடத்தின் கீழே இருக்கும் அந்த எழுத்து வேண்டும். எஸ்.ஐ.ஆர். என்று தெரிந்தால் தென்னிந்திய ரயில்வே: 1874-ல் அமைந்து, 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வேயோடு கலந்தது. காரைக்குடிக்கு ரயில் வந்தது 1930-ல், ஆகவே உள்ளூர் ஸ்டேஷன் ஆள் யாராவது தொலைத்தது என்றால் அதற்கு அப்புறம்தான். எஃப்.எம்.எஸ். என்று ஆரம்பித்தால் மலாய்க் கூட்டு நாடுகள், 1896-லிருந்து 1946 வரை. சி.ஜி.ஆர். என்றால் இலங்கை ரயில்வே.

பின்பக்கக் காதைச் சுற்றித் துருவேறிய கம்பி வளையம் ஒன்று ஒட்டியிருக்கிறது, குப்பை என்று பிடுங்கிவிடாதீர்கள். வெள்ளை டிரில் துணிச் சீருடையை வெளுக்கப் போடும் முன் பித்தான்களைக் கழற்றி எடுப்பதற்கான வளையம் அது. வெள்ளாவியில் பித்தளையை யார் போடுவார்கள்? கழற்றி மாட்டுகிற பித்தான் என்பதால் தொலைவதும் சுலபம். கொல்லையில், துவைகல்லுக்குப் பக்கத்தில் கிடைத்தது என்று நீங்கள் எழுதியதோடு பொருந்துகிறது.

ஒன்று மட்டும் கவனம். நான் சொன்னதெல்லாம் செய்த காலம், மண்ணில் விழுந்த காலம் அல்ல. எங்கள் அப்பத்தாவின் சுருக்குப்பையில் போலீஸ் பித்தான் ஒன்று தைத்திருந்தது. அது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பார், பதில் வராது.

இருநூறு ரூபாய் மோசமான விலை இல்லை. ராஜா கிரீடப் பித்தான்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நானாக இருந்தால் எழுத்தைப் படிக்கும்வரை விற்க மாட்டேன், அவ்வளவுதான்.

டிடெக்டரைத் தொடர்ந்து ஓட்டுவதாக இருந்தால் மண்ணின் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பக்கம் வேண்டவே வேண்டாம். கீழடி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, தோண்டிய குழியின் அடுக்கு கலைந்தால் என்ன போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காசுக் கலயம், சிலை என்று ஏதாவது தட்டுப்பட்டால் கையை எடுத்துவிட்டுத் தாசில்தாருக்குச் சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் வருஷச் சட்டம்.

அதே குழியில் வேறு காசு ஏதும் கிடைத்ததா என்று எழுதவில்லையே? ஓட்டைக் காலணா இருந்தால் அந்தக் குழி 1943-க்குப் பிந்தியது. சதுரமான செப்புக் காசு என்றால் மலாயாவிலிருந்து வந்த பெட்டியாக இருக்கலாம், அப்போது எஃப்.எம்.எஸ். எழுத்தைத்தான் முதலில் தேடுவேன்.