பழைய லேண்ட்லைன் போனை அடாப்டர் மூலம் இணைய அழைப்புகளுக்குப் பயன்படுத்த முடியுமா?

முடியும். ஆனால் போனை இணையத்தோடு இணைக்கும் அந்தச் சிறு பெட்டியான அடாப்டரை வாங்கக் கிளம்பும் முன் உங்கள் வீட்டு ஃபைபர் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். சென்னையில் பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ ஆகியவை தரும் பெட்டிகள் பலவற்றில் டெலிபோன் வயரைச் செருகும் துளை இருக்கிறது. இணைப்போடு 044 எண்ணும் வந்திருந்தால், நீங்கள் தேடும் அடாப்டர் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. போனைச் செருகினால் போதும்.

அந்த வசதி இல்லாதவர்களுக்கும், தனியாக ஓர் எஸ்ஐபி கணக்கு, அதாவது இணைய அழைப்புச் சேவையில் ஒரு கணக்கு, வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கும்தான் தனி அடாப்டர் தேவை. தொடுதிரையோடு மல்லுக்கட்ட விரும்பாத என் அம்மா, மாம்பலம் வீட்டில் உள்ள பொத்தான் போனிலேயே நியூ ஜெர்சியில் வசிக்கும் என் தம்பியுடன் பேசுகிறார். இருவருக்கும் ஒரே சேவையில் எஸ்ஐபி கணக்கு இருப்பதால், அழைப்பு முழுவதும் இணையத்திலேயே செல்கிறது. ஐஎஸ்டி கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்ளூரில் சாதாரண எண்களை அழைப்பது வேறு விஷயம். இந்தியாவுக்குள் இணைய அழைப்பைத் தொலைபேசி வலையமைப்போடு இணைக்கும் அனுமதி, உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே உண்டு என்பதால், அத்தகைய நிறுவனத்திடம்தான் எண் பெற வேண்டும்.

ரிச்சி தெருவில் வாங்குவதானால், எஃப்எக்ஸ்எஸ் போர்ட் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். போனுக்கு டயல் டோனும் மணியடிக்கும் மின்சாரமும் கொடுப்பது அதுதான். எஃப்எக்ஸ்ஓ என்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் லைனைச் செருகுவதற்கானது, துளை பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். அடாப்டரை அறைகளுக்கெல்லாம் ஓடும் பழைய டெலிபோன் வயரிங்கில் இணைப்பதாக இருந்தால், வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பியை முதலில் கழற்றிவிட வேண்டும். அதில் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் இன்னும் வந்துகொண்டிருந்தால் அடாப்டர் பழுதாகிவிடக்கூடும்.

இணைய வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். குரலை டிஜிட்டலாக மாற்றும் முறைகளில் அதிக இடம் பிடிக்கும் ஜி.711-இல்கூட ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்குச் சுமார் 90 கிலோபிட் போதும். குரல் ஒருபக்கம் மட்டும் கேட்டால், ரவுட்டர் அமைப்பில், இணைய அழைப்புத் தகவல்களை ரவுட்டரே திருத்தும் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்ற வசதியை அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தொல்லை அங்கேதான்.

நான் முக்கியமாகக் கருதுவது மின்சாரத்தைத்தான். செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சின் பேட்டரிகளே மின்சாரம் அனுப்பியதால், ஐப்பசி மழையில் தெரு முழுவதும் இருண்டாலும் போன் மட்டும் வேலை செய்தது. அடாப்டருக்கோ அதுவும், ரவுட்டரும், ஃபைபர் பெட்டியும் ஆகிய மூன்றும் உயிரோடு இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பல வீடுகளில் அது விளக்கு, மின்விசிறி லைனுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கும், ரவுட்டர் இருக்கும் பிளக் பாயிண்ட் அதில் சேராது. எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தப் பாயிண்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள், அல்லது மூன்றுக்குமாக ஒரு சிறிய யுபிஎஸ் வையுங்கள். அப்படியே செய்தாலும், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் 112-ஐ அழைக்க சார்ஜ் குறையாத ஒரு மொபைல் போனும் அவசியம் இருக்கட்டும்.